ஹெவிவெயிட் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று எப்படிக் கணிப்பது?

கேள்வி இதுதான்: பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை ஒன்று வரப்போகிறது. இரண்டு வீரர்களின் வெற்றி தோல்விப் பட்டியலையும் பார்த்தாகிவிட்டது, உயரம் எடை எல்லாம் தெரியும். ஆனாலும் யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எதைப் பார்த்துக் கணிக்கிறார்கள்?

யார் ஜெயிப்பார் என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சண்டை எந்தெந்த வழிகளில் முடியக்கூடும் என்பதை. முதல் நான்கு சுற்றில் நாக்கவுட், நடுச் சுற்றுகளில் நடுவர் நிறுத்துவது, கடைசிச் சுற்றுகளில் களைப்பால் சரிவது, 12 சுற்றும் முடிந்து புள்ளிக் கணக்குக்குப் போவது என்று வழிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு வழியும் யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் பெயர் தானாக வரும். வழியைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வது பலித்தாலும் அதைக் கணிப்பு என்று சொல்ல மாட்டேன். அடுத்த சண்டைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது.

ஹெவிவெயிட்டில் இது கூடுதலாகப் பொருந்தும். 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல் யார் வேண்டுமானாலும் இந்தப் பிரிவில் ஆடலாம், மேல் வரம்பு கிடையாது. மற்ற பிரிவுகளில் இரண்டு பேரும் ஒரே எடைக்கு இறங்கி வருகிறார்கள். இங்கே 40, 50 பவுண்டு வித்தியாசத்தோடு எதிரெதிரே நிற்கிறார்கள். கையில் 10 அவுன்ஸ் கையுறை. எட்டு சுற்று அழகாக ஆடிச் சேர்த்த முன்னிலையை ஒரே குத்து அழித்துவிடும். 1994 நவம்பரில் மைக்கேல் மூரருக்கு நடந்தது அதுதான். புள்ளி போடும் மூன்று பேரின் மதிப்பெண் அட்டைகளிலும் அவர் முன்னே இருந்தார். எதிரே இருந்த ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 45. பத்தாவது சுற்றில் ஃபோர்மனின் வலக்கை தாடையில் இறங்கியது, பட்டம் கைமாறியது. மூரர் நன்றாக ஆடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஃபோர்மனின் வலக்கை நேராக வந்து சேரும் இடத்திலேயே நின்று ஆடினார், அவ்வளவுதான். கால் ஓய்ந்துபோன வயதானவரிடமும் குத்தின் பலம் மட்டும் கடைசி வரை தங்கிவிடும். கணிக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

பட்டியலைப் படிப்பவர்கள் விழும் முதல் குழி, "இவர் அவரை வென்றார், அவர் இன்னாரை வென்றார், ஆகவே இவர் இன்னாரை வெல்வார்" என்ற கணக்கு. சமீபத்திய உதாரணம் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் ஜோ ஜாய்ஸ் 11-ஆவது சுற்றில் ஜோசப் பார்க்கரை நாக்கவுட் செய்தார். 2023-இல் ஜாங் ஷிலெய் இரண்டு முறை ஜாய்ஸை முடித்தார். 2024 மார்ச்சில் பார்க்கர், இரண்டு முறை கீழே விழுந்தும், ஜாங்கைப் புள்ளியில் வென்றார். மூன்று பேரும் வட்டமாக ஒருவரை ஒருவர் வென்றிருக்கிறார்கள். பழைய உதாரணம் இன்னும் பிரபலம்: முகமது அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேசியரையும் கென் நார்ட்டனையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டே சுற்றில் முடித்தார். அந்தக் கணக்குப்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி நொறுங்கியிருக்க வேண்டும். நொறுங்கியது ஃபோர்மன், எட்டாவது சுற்றில். ஃப்ரேசியர் குனிந்தபடி நேராக உள்ளே வருபவர், கீழிருந்து மேலே வரும் ஃபோர்மனின் அப்பர்கட் குத்துக்கு அதுவே வசதி. அலி கயிற்றில் சாய்ந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, அருகில் வந்தால் கழுத்தைப் பிடித்து அழுத்தி, ஃபோர்மனின் கையைக் களைக்க விட்டார். பலம் அதே பலம்தான். எதிராளியின் பாணி மாறியதால் அதன் மதிப்பு மாறிவிட்டது.

ஆக, பட்டியலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, எதிராளிகளை. ஒருவருக்கு 25 வெற்றி, 23 நாக்கவுட் என்றிருந்தால், அந்தக் கடைசிப் பத்து எதிராளிகளை ஒவ்வொருவராக எடுங்கள். அதற்கு முன் நாக்கவுட்டில் தோற்றிருந்தவர்கள் எத்தனை பேர்? குறைந்த அவகாசத்தில் மாற்றாக வந்தவர்கள் எத்தனை பேர்? எட்டு சுற்றுக்கு மேல் தாக்குப்பிடித்தவர் யாராவது உண்டா, அப்போது நம் ஆள் எப்படி இருந்தார்? ஏற்கெனவே ஐந்தாறு முறை நாக்கவுட் ஆனவரை இன்னொரு முறை வீழ்த்தியது குத்தின் பலத்துக்குச் சான்று ஆகாது. அதே நேரம், டியோன்டே வைல்டர் 40 சண்டையில் 39 நாக்கவுட்டோடு 2018-இல் டைசன் ப்யூரியைச் சந்தித்தபோது, எதிராளிகள் பலவீனம் என்று அவரை ஒதுக்கியவர்களும் தவறினார்கள். ஒன்பதிலும் பன்னிரண்டிலும் ப்யூரியைக் கீழே தள்ளி, தோற்றிருக்க வேண்டிய சண்டையைச் சமனில் முடித்தார். அந்த வலக்கை உண்மையானது. உண்மை அல்லாதது அதைத் தவிர மற்றதெல்லாம் தேவையில்லை என்ற நினைப்பு.

தோல்விகளையும் அப்படியே பிரித்துப் பாருங்கள். டேனியல் டுபுவா 2020-இல் ஜாய்ஸுக்கு எதிராகக் கண் எலும்பு முறிந்து மண்டியிட்டார். பலர் அவரை விட்டுக்கொடுப்பவர் என்று முத்திரை குத்தினார்கள். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அதே டுபுவா ஆந்தனி ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் முடித்தார். எலும்பு முறிவால் தோற்றது வேறு, தூரம் தெரியாமல் தோற்றது வேறு, மூச்சு வாங்கித் தோற்றது வேறு. முதலாவது ஆறிவிடும். இரண்டாவதைப் பயிற்சியாளர் ஓரளவு சரிசெய்யலாம். மூன்றாவது பெரும்பாலும் திரும்ப வரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஹெவிவெயிட் சண்டையை முடிவு செய்வது தூரம். எந்தத் தூரத்தில் சண்டை நடக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறாரோ, அவர் கையில்தான் பெரும்பாலும் சண்டை இருக்கும். தூரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: முன்காலும் ஜாப்பும். ஜாப் என்பது முன்கையால் நேராக விடும் குத்து. வலி குறைவு, ஆனால் எதிராளியின் காலை நிறுத்தும், கண்ணை மறைக்கும், அடுத்த குத்துக்கு அளவு எடுத்துக் கொடுக்கும்.

கை நீளத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் கை நீளம் 83 அங்குலம், மைக் டைசனுக்கு 71. பன்னிரண்டு அங்குல வித்தியாசம். ஆனால் நீளமான கை கொண்ட பலரை டைசன் அதற்கு முன் நசுக்கியிருந்தார். காரணம், அவர்கள் டைசனைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள், பின்வாங்குபவரின் ஜாப்பில் எடை இருக்காது. டக்ளஸ் நின்று ஜாப் விட்டார், அதன் பின்னாலேயே வலக்கையை அனுப்பினார், டைசன் உள்ளே நுழைந்தால் பிடித்துக்கொண்டார். எட்டாவது சுற்றின் கடைசியில் டைசனின் அப்பர்கட்டில் விழுந்தும் எழுந்தார். பத்தாவதில் ஒரு வலக்கை அப்பர்கட், தொடர்ந்து குத்துகள், டைசன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே. கை நீளத்தைப் பார்க்கும்போது, இந்த ஆள் அந்த நீளத்தைப் பயன்படுத்துகிறாரா, அழுத்தம் வரும்போதும் பயன்படுத்துகிறாரா என்பதே கேள்வி.

எதிர்த் திசையில் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பாருங்கள். 6 அடி 3 அங்குலம், 78 அங்குலக் கை. 2021 செப்டம்பரில் ஜோஷுவாவைச் சந்தித்தபோது 221 பவுண்டு, ஜோஷுவா 240. உசிக் இடக்கைக்காரர், வலக்கால் முன்னே இருக்கும். வலக்கைக்காரருக்கு இடக்கால் முன்னே. இருவரின் முன்கால்களும் ஒரே கோட்டில் மோதும். அந்த இடத்தில் யாருடைய முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் போய் நிற்கிறதோ, அவருடைய பின்கை எதிராளி முகத்தைக் காக்க உயர்த்திய கைகளுக்கு நடுவே நேராக நுழையும், எதிராளியின் பின்கையோ சுற்றி வர வேண்டியிருக்கும். உசிக் வலக்காலைப் பாதி அடி வெளியே வைப்பார், முன்கையால் எதிராளியின் கையுறையைத் தட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் தட்டலின் நடுவே இடக்கை நேராக வரும். வந்ததும் அங்கே நிற்க மாட்டார், பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார். காணொளியை நிறுத்தி நிறுத்தி, கால் விரல்களை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டையின் பாதி புரிந்துவிடும். வரப்போகும் சண்டையில் ஒருவர் இடக்கைக்காரர் என்றால், மற்றவர் கடைசியாக எப்போது இடக்கைக்காரரைச் சந்தித்தார், அப்போது அவர் கால் எங்கே இருந்தது என்பதைத் தேடிப் பார்க்காமல் கணிக்காதீர்கள். ஜாய்ஸின் தாடை இரும்பு என்று எல்லோரும் நம்பினார்கள். ஜாங்கின் இடக்கை மீண்டும் மீண்டும் அவருடைய வலக்கண்ணில் இறங்கி, கண் மூடிக்கொண்டு, ஆறாவது சுற்றில் சண்டை நின்றது. தாடையின் உறுதி கண்ணைக் காப்பாற்றாது.

பழைய சண்டைகளைப் பார்க்கும் முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாக்கவுட் தொகுப்புகளைப் பார்த்துவிட்டுக் கணிப்பதால்தான் அதிகம் தவறுகிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று சண்டைகளை எடுங்கள்: கடைசியாக நடந்தது, வரப்போகும் எதிராளியைப் போன்ற உடலமைப்பும் நிலையும் கொண்டவரோடு நடந்தது, அவர் அதிகம் கஷ்டப்பட்டது. முழுச் சண்டையையும் பாருங்கள், வர்ணனையின் ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் உற்சாகப்படும் குத்துகளில் பாதி கையுறையிலும் தோளிலும்தான் பட்டிருக்கும்.

முதல் பார்வையில் கால்களை மட்டும். யார் நடுவில் நிற்கிறார், யார் கயிற்றோரம்? பின்வாங்கும்போது நேர்க்கோட்டில் போகிறாரா, பக்கமாக விலகுகிறாரா? நேராக இரண்டு அடிக்கு மேல் பின்வாங்குபவர் மூன்றாவது அடியில் கயிற்றைத் தொட்டுவிடுவார், அங்கேதான் அடி விழும். இரண்டாவது பார்வையில் கைகள். ஜாப்களை எண்ணுங்கள், 1 முதல் 3-ஆம் சுற்று வரை, பிறகு 7 முதல் 9-ஆம் சுற்று வரை. ஹெவிவெயிட்டில் சுற்றுக்கு மொத்தம் 40-45 குத்துகள் சராசரி. தொடக்கத்தில் சுற்றுக்கு 20 ஜாப் விட்டவர் எட்டாவது சுற்றில் 8 விட்டால், மூச்சு போய்விட்டது அல்லது தோள் கனத்துவிட்டது. வலக்கை விட்டபின் அது கன்னத்துக்குத் திரும்புகிறதா, மார்பளவில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் எதிராளியின் இடக்கை ஹுக்குக்கு, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்துக்கு, அது திறந்த கதவு.

மூன்றாவது பார்வைதான் என் கணக்கில் விலை மதிப்பானது: பலமான அடி பட்ட அடுத்த பத்து விநாடி. நல்லவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அல்லது ஒரு மண்டியில் இறங்கி எட்டு எண்ணும் வரை மூச்சு வாங்குவார்கள். ஆபத்தானவர்கள் உடனே திருப்பி அடிப்பார்கள். 2019 ஜூன் 1, மேடிசன் ஸ்கொயர் கார்டன், மூன்றாவது சுற்று. ஜோஷுவா ஆண்டி ரூயிஸைக் கீழே தள்ளினார். ரூயிஸ் எழுந்தார். முடித்துவிடலாம் என்று ஜோஷுவா அருகில் போய் ஹுக்குகளை மாற்றி மாற்றி விட, ரூயிஸின் சிறிய, வேகமான இடக்கை ஹுக் அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. அதற்குப் பிறகு ஜோஷுவாவின் கால் திரும்ப வரவேயில்லை, மொத்தம் நான்கு முறை விழுந்து ஏழாவதில் சண்டை நின்றது. நெற்றிப்பொட்டில் படும் அடி, தாடை அடி போல உடனே அணைத்துவிடாது. சமநிலையைக் கெடுத்து, தெளிந்ததுபோல் தோன்றவைத்து, காலை ஏமாற்றும். இரண்டு கைகளும் வேகமாக உள்ள ஒருவரோடு அருகில் நின்று மாற்றி அடிப்பது ஜோஷுவாவின் பலமே அல்ல. அவருக்குப் பலம் 82 அங்குலக் கையின் நுனியில்.

அந்தச் சண்டையில் இன்னொன்றும் இருந்தது. முதலில் எதிராளியாக இருந்தவர் ஜாரெல் மில்லர், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் நீக்கப்பட்டார். அவர் 300 பவுண்டு அளவில் நெருக்கித் தள்ளும் ஆள். ரூயிஸ் குட்டை, கை வேகம். மாற்று ஆள் என்றால் தயாராகாதவர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ரூயிஸ் ஏப்ரல் 20-இல்தான் ஒரு சண்டையை முடித்திருந்தார், உடல் சூடாகவே இருந்தது. மாற்று எதிராளி வந்தால் இரண்டு பக்கமும் கேளுங்கள்: வந்தவர் பயிற்சியில் இருந்தாரா, இருப்பவர் தயாரான பாணி இனிச் செல்லுமா.

எடை. மற்ற பிரிவுகளில் எடை பார்ப்பது வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்கு. இங்கே அது பயிற்சி முகாமின் திட்டத்தை வெளியே சொல்லிவிடும். ரூயிஸ் முதல் சண்டையில் 268 பவுண்டு, டிசம்பரில் மறுசண்டைக்கு 283. ஜோஷுவா 247-இலிருந்து 237-க்கு இறங்கினார். எடைத் தட்டில் ஏறிய அன்றே சண்டை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது: ஒருவர் ஓடத் தயாராகியிருந்தார், மற்றவரால் துரத்த முடியாது. ஜோஷுவா 12 சுற்றும் ஜாப் விட்டு விலகி, 118-110, 118-110, 119-109 என்று வென்றார். மறுபக்கம், 2020 பிப்ரவரியில் வைல்டரோடு மறுசண்டைக்கு ப்யூரி 256-இலிருந்து 273-க்கு ஏறி வந்தார். பயிற்சியாளரை மாற்றி, டெட்ராய்ட்டின் க்ராங்க் பயிற்சிக்கூடத்தின் பாணியில் வளர்ந்த சுகர்ஹில் ஸ்டீவர்டைச் சேர்த்திருந்தார். முன்னே போய்ச் சாய்ந்து அழுத்தப் போகிறேன் என்று அவரே வாயால் சொன்னார். ஏழாவது சுற்றில் முடித்தார். எடை ஏறுவது எப்போதும் சோம்பலின் அடையாளம் அல்ல. திட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் வரும். வீரரின் கடைசி ஐந்து எடைகளை எழுதி வையுங்கள். 10 பவுண்டுக்கு மேல் மாற்றம் இருந்து, அதற்கு ஒரு பாணிக் காரணம் கிடைக்கவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் சண்டை போடாதவருக்கும் அப்படியே. பலம் இருக்கும், முதல் நான்கு சுற்றில் நேரக்கணிப்பு இருக்காது.

சண்டை நடக்கும் இடத்தைச் சுருக்கமாகவாவது பார்க்க வேண்டும். 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ் தென்னாப்பிரிக்காவின் பிராக்பனில் ஹசிம் ரஹ்மானிடம் ஐந்தாவது சுற்றில் நாக்கவுட் ஆனார். ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் அளவு உயரம். ரஹ்மான் வாரக் கணக்கில் முன்பே வந்து பழகினார், லூயிஸ் தாமதமாக வந்தார், எடையும் 253 பவுண்டைத் தாண்டியிருந்தது. நவம்பர் மறுசண்டையில், தயாராகி வந்த லூயிஸ் நான்காவது சுற்றில் முடித்தார். மேடையின் அளவும் தரையும்கூடப் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை. சிறிய மேடையும் மெத்தென்ற தரையும் நகர்ந்து ஆடுபவரின் காலைத் தின்னும். 2015-இல் டுசெல்டார்ஃபில் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு மோதும் முன் ப்யூரியின் ஆட்கள் தரைக்கு அடியில் இருந்த நுரைப்பஞ்சைப் பற்றிப் புகார் செய்தது வெறும் நாடகம் அல்ல.

மேடையின் மூலையில் வீரருக்குத் துணையாக யார் நிற்கிறார்கள் என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. சுற்றுகளுக்கு நடுவே 60 விநாடிதான். அதில் வெட்டுக் காயத்தைப் பார்ப்பவருக்குக் கிடைப்பது 40 விநாடி: துடைத்து, அட்ரினலின் தோய்த்த பஞ்சை அழுத்திப் பிடித்து, மேலே வாசலின் பூச வேண்டும். வீக்கத்துக்குக் குளிர்ந்த சிறு உலோகக் கட்டியை அழுத்துவார்கள். டோக்கியோவில் டைசனின் மூலையில் அந்தக் கட்டி இல்லை. ரப்பர் கையுறையில் பனித் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள், இடக்கண் மூடிக்கொண்டது. அனுபவமான மூலை என்பது பட்டத்தைக் காப்பாற்றும் விஷயம் மட்டும் அல்ல. 2020-இல் வைல்டரின் காதில் இரத்தம் வழிய, கால் தள்ளாட, அவர் மூலையில் இருந்த பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட் சண்டையை நிறுத்தத் துண்டை வீசினார். வைல்டருக்குக் கோபம், பிரீலண்ட் வேலையை இழந்தார். அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணிப்புக்கு இதனால் என்ன பயன் என்றால், சீக்கிரம் நிறுத்தும் மூலை இருக்கும் வீரர் களைத்த நிலையில் 11, 12-ஆம் சுற்றுக்குப் போக மாட்டார். நடு மற்றும் கடைசிச் சுற்று நிறுத்தங்களின் வாய்ப்பு அதற்கேற்ப ஏறும். வெட்டுக் காயம் பழகிப்போன புருவம் உள்ளவருக்கும் அப்படித்தான். 2003-இல் விட்டலி கிளிட்ச்கோ மூன்று அட்டைகளிலும் 58-56 என்று முன்னே இருந்தபோதே கண்மேல் வெட்டால் லூயிஸிடம் தோற்றார். குத்தால் வந்த வெட்டு என்றால் தோல்வி. தலை மோதி வந்த வெட்டு என்றால் நான்கு சுற்று முடிந்தபின் அட்டைக்குப் போகும்.

புள்ளிக் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒருமுறை கீழே விழுந்தால் 8. ஏழு சுற்று வென்று ஐந்து தோற்றால் 115-113. அந்தத் தோற்ற ஐந்தில் ஒன்றில் கீழே விழுந்திருந்தால் 114-113 ஆகிவிடும். இன்னொரு முறை விழுந்திருந்தால் 113-113, சமன். 2024 மே மாதம் ரியாதில் உசிக்கும் ப்யூரியும் மோதியபோது ஒன்பதாவது சுற்றில் நடுவர் ப்யூரிக்கு எண்ணினார், அது கீழே விழுந்ததாகவே கணக்கு. அட்டைகள் உசிக்குக்கு 115-112, 114-113, ப்யூரிக்கு 114-113. அந்த எண்ணிக்கை இல்லாமல் அந்தச் சுற்று வெறும் 10-9 ஆகியிருந்தால் சண்டையே சமன். நெருக்கமான சண்டையைக் கணிக்கும்போது, குத்தின் பலத்தை நாக்கவுட்டுக்காக மட்டும் எண்ணாதீர்கள், அது ஒரு கூடுதல் புள்ளியாகவும் வந்து நிற்கும். யாருடைய ஊரில் சண்டை, யாருடைய பெயருக்குக் கூட்டம் கத்துகிறது என்பதும் 7-5 சுற்றுகளில் தெரியும். 1999-இல் லூயிஸ் தெளிவாக ஆடிய சண்டை ஹோலிஃபீல்டோடு சமன் என்று அறிவிக்கப்பட்டது, இன்றும் பேசுகிறார்கள்.

செய்தியாளர் சந்திப்பில் யார் யாரை முறைத்தார், ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் யார் யாரை விழச் செய்தார் என்ற வதந்தி, பயிற்சிப் பையை அடிக்கும் காணொளி, இவை எதற்கும் மதிப்பில்லை. ஸ்பாரிங்குக்கு யாரை அழைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உதவும்: இடக்கைக்காரரைச் சந்திக்கப் போகிறவர் முகாமில் இடக்கைக்காரர்களே இல்லை என்றால் யோசியுங்கள்.

இதையெல்லாம் எண்ணாக மாற்றுவது எப்படி? பந்தயச் சந்தை விலையிலிருந்து தொடங்குங்கள். அது ஆயிரம் பேருடைய கணிப்பு, பணம் போடாவிட்டாலும் தகவலாகப் பயன்படும். தசம விலை (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் திரும்ப வரும் மொத்தத் தொகை) ஒருவருக்கு 1.40, மற்றவருக்கு 3.20, சமனுக்கு 17 என்றால், ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுங்கள்: 71.4, 31.2, 5.9 சதவீதம். கூட்டினால் 108.5 வரும். மிச்ச 8.5 பந்தய நிறுவனத்தின் லாபம். ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்தால் 65.8, 28.8, 5.4. இதுதான் தொடக்கப் புள்ளி. டக்ளஸுக்குக் கொடுத்த 42-க்கு 1 என்ற விலை வெறும் 2.3 சதவீதம். தூரத்தையும் ஜாப்பையும் பார்த்தவர் அவரை வெற்றியாளர் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை, 10 சதவீதம் என்று சொல்லியிருந்தாலே பெரிய கணிப்பு.

பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கட்டம் போட்டு, அதில் வாய்ப்பைச் சதவீதமாக நிரப்புங்கள். 6 அடி 6, 250 பவுண்டு, வலக்கைக்காரர், கனமான குத்து, எட்டாவதுக்குப் பின் ஜாப் குறைபவர் ஒரு பக்கம். 6 அடி 2, 222 பவுண்டு, இடக்கைக்காரர், கால் நகர்வு, நடுத்தரமான குத்து மறுபக்கம் என்று வைத்துக்கொள்வோம். சண்டை 12 சுற்றும் போகுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் 48 என்று வைப்பேன். அதில் சிறியவருக்கு 32, பெரியவருக்கு 12, சமன் 4. மீதி 52-இல் பெரியவர் முதல் நான்கில் முடிப்பது 16, நடு நான்கில் 12, கடைசி நான்கில் 4. சிறியவர் முதல் ஆறில் 4, கடைசி ஆறில் 16. கூட்டினால் பெரியவருக்கு 44, சிறியவருக்கு 52. இந்த 52 என்ற எண்ணைவிட, பெரியவரின் பலன் முன்பக்கமாகவும் சிறியவரின் பலன் பின்பக்கமாகவும் குவிந்திருப்பதுதான் பயனுள்ள தகவல். நான்கு சுற்று முடிந்து இருவரும் நின்றுகொண்டிருந்தால் பெரியவரின் 16 கரைந்துவிட்டது, சிறியவரும் அதிகபட்சம் தன் 4-ஐ இழந்திருப்பார். மீதியைப் புதிதாகக் கணக்கிட்டால் சிறியவர் 60-ஐத் தாண்டிவிடுவார்.

மறுசண்டை என்றால் ஒரு கேள்வி கூடுதல்: முதல் முறை தோற்றதற்குக் காரணம் சரிசெய்யக்கூடியதா? லூயிஸுக்கும் ரூயிஸிடம் தோற்ற ஜோஷுவாவுக்கும் அது உடல் நிலையும் தூரமும், இரண்டும் சரியாயின. உசிக்கிடம் ஜோஷுவா இரண்டாம் முறை உடலை நன்றாகவே தாக்கினார், ஒன்பதாவது சுற்று அவருடையது. பத்தாவதில் உசிக் வேகத்தை ஏற்றித் திருப்பிவிட்டார். திட்டம் சரியானாலும் கால் வேகத்தின் இடைவெளி அப்படியே இருந்தது.

கணிப்பை எடை பார்ப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எழுதி வையுங்கள், சண்டைக்குப் பின் மதிப்பெண் போடுங்கள். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (ஜெயித்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்குங்கள். 70 சதவீதம் சொன்னவர் ஜெயித்தால் 0.09, தோற்றால் 0.49. எப்போதும் 50 என்று சொல்பவருக்கு 0.25 வரும். 30 சண்டைகளின் சராசரி 0.25-க்குக் கீழே இல்லை என்றால், பெரும்பாலும் நாக்கவுட் பலத்துக்கு அதிக மதிப்பும் ஜாப் எண்ணிக்கைக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்திருப்பீர்கள். அந்த இரண்டையும் மாற்றிப் பார்த்து அடுத்த சண்டைக்குப் போங்கள்.